"உங்கள் ஏரியா" யாருடைய ஏரியா? உணவக பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் எல்லையும் கம்பெனியின் உரிமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவக பிரான்சைஸ் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு முதலீடு, எத்தனை மாதத்தில் திரும்ப வரும்" என்பதைத்தான். "என் கடைக்குப் பக்கத்திலேயே இதே பெயரில் இன்னொரு கடை வருமா" என்ற கேள்வி கடை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. என் சித்தப்பா மகனுக்கு அப்படித்தான் ஆனது. நகையை அடகு வைத்து ஒரு சிற்றுண்டி பிராண்டின் கடையை எடுத்தான். இரண்டு வருடம் நல்ல வியாபாரம். மூன்றாவது வருடம் அதே பெயர்ப் பலகை எண்ணூறு மீட்டர் தள்ளி இன்னொரு கட்டடத்தில் ஏறியது. அவனுடைய ஒப்பந்தத்தை அன்று இரவு உட்கார்ந்து படித்தபோது, கம்பெனி தவறு செய்ததாகக் காட்ட அதில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அப்போதிருந்து நண்பர்கள், உறவினர்கள் எடுத்து வரும் பிரான்சைஸ் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்க்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் இவை.

கீழே "கம்பெனி" என்றால் பிராண்டுக்குச் சொந்தமான நிறுவனம். "கடைக்காரர்" என்றால் தன் பணத்தைப் போட்டு பிரான்சைஸ் எடுத்தவர். நீதிமன்ற உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. இந்தச் சண்டை அங்கேதான் அதிகமாக நீதிமன்றப் படியேறியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் "டெரிட்டரி" என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஏரியாவில் நான் மட்டும்தானே?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. டெரிட்டரி என்ற சொல் இருப்பது வேறு, அந்த இடம் உங்களுக்கு மட்டும் என்று எழுதியிருப்பது வேறு.

சில ஒப்பந்தங்களில் டெரிட்டரி என்பது உங்கள் கடையின் கதவு எண் மட்டும்தான். அந்த முகவரியில் கடை நடத்தலாம், அவ்வளவே. எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தாலும் கேட்க முடியாது. சிலவற்றில் "பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று ஒரு வட்டம் இருக்கும், இரண்டு கிலோமீட்டர் அல்லது ஒரு பின்கோடு என்பதுபோல. அதற்குள் இதே மாதிரி இன்னொரு கடை திறக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லும். ஆனால் பல விதிவிலக்குகளும் கூடவே வரும். அந்தப் பகுதியில் கம்பெனியே நுழையாது, வேறு எந்த வழியிலும் விற்காது என்று முழு உரிமையாகத் தருவது மூன்றாவது வகை. உணவகத் துறையில் அது அபூர்வம். பெரிய பணம் போட்டு ஒரு மாநிலத்தையோ நாட்டையோ எடுப்பவர்களுக்குத்தான் அதற்கு அருகிலாவது கிடைக்கும்.

அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையத்தின் பிரான்சைஸ் விதி இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கம்பெனி விற்பனைக்கு முன் தர வேண்டிய வெளிப்படுத்தல் ஆவணத்தில் 12-ஆவது பிரிவு முழுக்க எல்லையைப் பற்றியது. முழு உரிமையுள்ள எல்லை தரவில்லை என்றால், "உங்களுக்கு அப்படி ஒரு எல்லை கிடைக்காது, மற்ற கடைக்காரர்களிடமிருந்தும், எங்கள் சொந்தக் கடைகளிடமிருந்தும், எங்கள் வேறு விற்பனை வழிகளிலிருந்தும், எங்கள் கட்டுப்பாட்டில் உள்ள போட்டி பிராண்டுகளிடமிருந்தும் உங்களுக்குப் போட்டி வரலாம்" என்ற பொருளில் கம்பெனி வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். நம் ஊர் ஒப்பந்தங்களில் இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயமாக்கினாலே பாதிப் பேர் கையெழுத்துப் போடும் முன் யோசிப்பார்கள்.

என் கடை படுத்தால் கம்பெனிக்கும் நஷ்டம்தானே? பிறகு ஏன் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கிறார்கள்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு. உங்கள் கடையில் மாதம் 20 லட்சம் ரூபாய் விற்பனை. சரக்கு, பேக்கிங், ராயல்டி (பிராண்டைப் பயன்படுத்தக் கம்பெனிக்கு மாதாமாதம் கட்டும் பங்கு), விளம்பரப் பங்கு என்று விற்பனையோடு ஏறி இறங்கும் செலவுகள் பாதி, அதாவது 10 லட்சம். மீதி 10 லட்சத்தில் வாடகை, சம்பளம், கரண்ட், வங்கித் தவணை 8 லட்சம். உங்கள் கைக்கு 2 லட்சம்.

பக்கத்தில் புதுக் கடை வருகிறது. உங்கள் விற்பனை ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, 16 லட்சம் ஆகிறது. அதில் பாதி போக 8 லட்சம். வாடகையும் சம்பளமும் அதே 8 லட்சம். உங்கள் கையில் பூஜ்யம்.

இப்போது கம்பெனி பக்கம் வாருங்கள். ராயல்டி 6 சதவீதம் என்று வையுங்கள். முன்பு உங்களிடமிருந்து 1.2 லட்சம் வந்தது. இப்போது உங்கள் 16 லட்சமும் புதுக் கடையின் 14 லட்சமும் சேர்த்து 30 லட்சத்துக்கு 1.8 லட்சம் வருகிறது. புதுக் கடைக்காரர் கட்டிய நுழைவுக் கட்டணம் தனி.

ராயல்டி லாபத்தில் வாங்கப்படுவதில்லை, மொத்த விற்பனையில் வாங்கப்படுகிறது. எல்லைச் சண்டை அத்தனைக்கும் வேர் அங்கேதான். கம்பெனிக்கு ஊரின் மொத்த விற்பனை ஏற வேண்டும், உங்களுக்கு உங்கள் கல்லா நிறைய வேண்டும். இரண்டும் பல நேரம் ஒன்றாகப் போகும், சில நேரம் எதிரெதிராகப் போகும். (இந்தியாவில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராயல்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 5 சதவீத வரியில் இருக்கும் உணவகம் இப்படிக் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 6 சதவீத ராயல்டி உண்மையில் 7 சதவீதத்தைத் தாண்டுகிறது.)

இதன் பெரிய உதாரணம் சப்வே என்ற சாண்ட்விச் சங்கிலி. எல்லை உத்தரவாதம் இல்லாமல், மொத்த விற்பனையில் 8 சதவீதம் ராயல்டியும் 4.5 சதவீதம் விளம்பரத்துக்கும் வாங்கி, கடை மேல் கடையாகத் திறந்தார்கள். 2015-ல் அமெரிக்காவில் மட்டும் 27,000-க்கு மேல் கடைகள். அடுத்த எட்டு வருடத்தில் அது 20,000 அளவுக்கு இறங்கியது. காரணம் ஒன்றல்ல. ஆனால் ஒரே வாடிக்கையாளரை இரண்டு சப்வே பங்கு போட்டுக்கொண்டதும் ஒரு முக்கியக் காரணம்.

டோமினோஸ் அமெரிக்காவில் இதையே அறிவித்துச் செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஏரியாவைப் பிரித்து நடுவே புதுக் கடை போட்டால் டெலிவரி தூரம் குறையும், பீட்சா சூடாகப் போகும், வெளி ஆப்களுக்கு வேலை இருக்காது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. பழைய கடைக்காரரே அந்தப் புதுக் கடையையும் எடுத்தால் அவருக்கும் நல்லதாகலாம். எடுப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்பெனி தனக்கென்று எதையெல்லாம் வைத்துக்கொள்ளும்?

ஒப்பந்தத்தில் "ஒதுக்கப்பட்ட உரிமைகள்" என்று ஒரு பத்தி இருக்கும். உங்களுக்குக் கொடுத்ததைச் சொல்லும் பத்தி நாலு வரி என்றால் இது ஒன்றரைப் பக்கம் இருக்கும். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். கொடுத்ததைப் பிறகு படிக்கலாம், எடுத்து வைத்துக்கொண்டதை முதலில் படிக்க வேண்டும்.

வழக்கமாக அதில் என்ன இருக்கும்? "வழக்கமல்லாத இடங்கள்" என்ற ஒரு தொகுப்பு இருக்கும்: விமான நிலையம், ரயில் நிலையம், நெடுஞ்சாலை ஓய்விடம், மருத்துவமனை, கல்லூரி வளாகம், ஐ.டி. பூங்கா, மால், ராணுவ முகாம், விளையாட்டு அரங்கம். இவை உங்கள் வட்டத்துக்குள் இருந்தாலும் உங்கள் எல்லையில் சேராது. யோசித்துப் பாருங்கள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. பூங்காக்களையும் மால்களையும் கல்லூரிகளையும் கழித்துவிட்டால் உங்கள் இரண்டு கிலோமீட்டரில் என்ன மிச்சம்?

அப்புறம் பிற விற்பனை வழிகள். பிராண்டின் பெயரில் மசாலா, சாஸ், உறைய வைத்த உணவு ஆகியவற்றைக் கடைகளில் விற்கும் உரிமை. இணையம், ஆப், கிளவுட் கிச்சன் (உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத, டெலிவரிக்கு மட்டுமான சமையலறை) வழியாக விற்கும் உரிமை. வேறு பெயரில் அதே உணவை விற்கும் உரிமை. போட்டிக் கம்பெனி ஒன்றை வாங்கி அதன் கடைகளை உங்கள் பக்கத்திலேயே நடத்தும் உரிமை. கடைசியாக ஒரு வலைபோல, "இங்கே வெளிப்படையாகத் தரப்படாத எல்லா உரிமைகளும் கம்பெனிக்கே" என்ற வரி வரும்.

கம்பெனி தன் பிராண்டை வளர்க்க இடம் வைத்துக்கொள்வதில் தவறு இல்லை. விமான நிலையத்தில் கடை நடத்த ஒற்றைக் கடைக்காரரால் ஏலம் எடுக்க முடியாது என்பதும் உண்மை. நான் சொல்வது, அந்தப் பத்தியைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் எல்லை. அதற்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். அந்த மிச்சத்தின் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எல்லை பற்றி எதுவுமே இல்லை, அல்லது "எல்லை கிடையாது" என்று மட்டும் இருக்கிறது. நீதிமன்றம் நியாயத்தைப் பார்க்காதா?

பார்த்த நீதிமன்றமும் உண்டு, பார்க்க மறுத்த நீதிமன்றமும் உண்டு. பர்கர் கிங் கம்பெனியின் இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது புரியும்.

முதலாவது ஷெக் வழக்கு, 1991. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லீ என்ற சிற்றூரில் ஒரு பர்கர் கிங் கடை. அருகில் பெரிய கட்டணச் சாலை போகிறது. அந்தச் சாலையின் ஓய்விடத்தில் இருந்த ஹோவர்ட் ஜான்சன் உணவகத்தைப் பர்கர் கிங்காக மாற்றக் கம்பெனி அனுமதித்தது. சாலையில் போகிறவர் இனி ஊருக்குள் இறங்க வேண்டியதில்லை. கடைக்காரரின் ஒப்பந்தத்தில் தனி எல்லை கிடையாது என்று தெளிவாகவே இருந்தது. "அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் திறக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது" என்றது கம்பெனி. புளோரிடாவில் இருந்த மத்திய மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைக்காரருக்கு எல்லை இல்லை என்று சொல்வதாலேயே, அவர் என்ன ஆனாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் கடை திறக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடாது; இரண்டும் வெவ்வேறு விஷயங்கள் என்றது. விசாரணைக்கு முன்பே வழக்கை முடித்துவிடக் கேட்ட கம்பெனியின் கோரிக்கையும் இந்த அம்சத்தில் எடுபடவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் இரு தரப்பும் நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் நடக்க வேண்டும் என்ற சொல்லாத நிபந்தனை ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்டத்தின் அந்தக் கோட்பாடுதான் இதற்கு அடிப்படை.

கடைக்காரர்களுக்கு அன்று பெரிய நம்பிக்கை பிறந்தது. எட்டே வருடத்தில் அது உடைந்தது.

இரண்டாவது வீவர் வழக்கு, 1999. மொன்டானா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் நகரில் ஒருவர் இரண்டு பர்கர் கிங் கடைகள் வைத்திருந்தார். நகரை ஒட்டி மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளம். தளத்துக்குள் ஒரு பர்கர் கிங் வந்தது. கடைக்காரர் வெறுத்துப்போய் கம்பெனிக்குக் கட்ட வேண்டியதை நிறுத்தினார். கம்பெனி வழக்குப் போட்டது. பதினோராவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் (மாவட்ட நீதிமன்றங்களுக்கு மேலே, சில மாநிலங்களுக்குச் சேர்த்து இருக்கும் மத்திய நீதிமன்றம்) கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிய ஏதாவது ஒரு விதியை மீறினால்தான் நல்லெண்ண வாதமே எழும். மீற ஒரு விதியே இல்லாதபோது நல்லெண்ணம் தனியாக நிற்காது என்றது. ஷெக் வழக்கின் முடிவு எங்களுக்கு ஏற்புடையதல்ல என்றும் சொல்லிவிட்டது.

இடையில் 1996-ல் மேற்குக் கரையில் இன்னொரு தீர்ப்பு. நாகிள்ஸ் என்ற மெக்சிகோ பாணி உணவகச் சங்கிலி, தன் கடைக்காரரின் கடைக்கு ஒன்றரை மைலுக்குள் தானே ஒரு கடையைக் கட்டியது. கடைக்காரருக்குத் தனி எல்லை இல்லாதபோதும், இது நல்லெண்ணத்தை மீறிய செயல் என்று ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் முடிவு செய்தது.

ஆக ஒரே நாட்டில் ஒரே மாதிரிச் சண்டைக்கு எந்த மாநிலச் சட்டம், எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு பதில் வருகிறது. கம்பெனிகள் இதிலிருந்து கற்றுக்கொண்டது சீக்கிரம். "தனி எல்லை கிடையாது" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், "எவ்வளவு அருகிலும், உங்கள் வியாபாரம் பாதித்தாலும், திறக்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த வரி இருந்தால் நல்லெண்ண வாதத்துக்கு இடம் மிகக் குறுகிவிடும். ஷெக் வழக்கை நம்பி இன்று கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்த மாநிலச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்பதை யார் முடிவு செய்வது?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்கள். மாசசூசெட்ஸ் கடைக்காரரும் மொன்டானா கடைக்காரரும் புளோரிடா சட்டத்தில் வாதாட வேண்டி வந்ததற்குக் காரணம் பர்கர் கிங்கின் தலைமையகம் மயாமியில் இருந்ததுதான். இங்கேயும் அப்படித்தான். தஞ்சாவூர்க் கடைக்கு குருகிராமிலோ மும்பையிலோ நடுவர் மன்றம் என்று எழுதியிருப்பார்கள். போக்குவரத்துச் செலவையும் வக்கீல் செலவையும் நினைத்தே பலர் சண்டையைக் கைவிடுகிறார்கள்.

புதுக் கடை திறக்கவில்லை. ஆனால் அதே பொருளை சூப்பர்மார்க்கெட்டில் விற்கிறார்கள். இது போட்டி இல்லையா?

போட்டிதான். தவறா என்பதே கேள்வி. கார்வெல் என்ற அமெரிக்க ஐஸ்கிரீம் சங்கிலியின் கடைக்காரர்கள் பல வருடம் இதற்காகப் போராடினார்கள். தங்கள் கடையில் மட்டும் கிடைத்த ஐஸ்கிரீம் கேக்கை 1990-களில் கம்பெனி சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தது. அங்கே விலை குறைவு. கடைக்காரர்களின் வாடிக்கையாளர் உறவில் கம்பெனி தவறாகத் தலையிட்டதா என்ற கேள்வி நியூயார்க் மாநிலத்தின் உச்சபட்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2004-ல் வந்த பதில்: ஏமாற்று, மிரட்டல், குற்றச் செயல் போன்ற தவறான வழி எதுவும் இல்லாமல் வெறுமனே போட்டியிட்டதை இந்த வகைக் குற்றமாகக் கொள்ள முடியாது; கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் இடையே யார் எங்கே விற்கலாம் என்பது ஒப்பந்தம் பேச வேண்டிய விஷயம். மறுபடியும் அதே காகிதத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

ஸ்விகி, சொமேட்டோ ஆர்டர்கள் எந்தக் கடைக்குச் சேரும்?

கிலோமீட்டர் வட்டம் போட்ட பழைய ஒப்பந்தங்கள் ஆள் நடந்தோ வண்டியிலோ கடைக்கு வருவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆப் ஐந்தாறு கிலோமீட்டர் வரை காட்டும். உங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கும் அடுத்த கடை, உங்கள் தெருவில் இருக்கும் வீட்டுக்கு டெலிவரி செய்துவிடும். வட்டத்தை யாரும் மீறவில்லை, வியாபாரம் மட்டும் போய்விட்டது.

ஆகவே கடை எங்கே திறக்கலாம் என்பதற்கு ஒரு விதியும், டெலிவரி எங்கே செய்யலாம் என்பதற்கு வேறொரு விதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் சொந்த ஆப்பில் வரும் ஆர்டர் எந்தக் கணக்கில் பிரிக்கப்படுகிறது, பக்கத்துக் கடைக்காரர் தள்ளுபடி போட்டு ஆப்பில் மேலே வந்தால் தடுக்க வழி உண்டா, உங்கள் பின்கோடுக்குள் கம்பெனி கிளவுட் கிச்சன் வைக்குமா, இவற்றை எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் விற்பனை அதிகாரி அடுத்த வருடம் வேறு கம்பெனியில் இருப்பார்.

கம்பெனி வேறொரு பிராண்டை வாங்கி என் பக்கத்தில் நடத்தினால்?

பெரும்பாலும் எதுவும் செய்ய முடியாது. பர்கர் கிங்கின் தாய்க் கம்பெனி 2017-ல் பாப்பாய்ஸ் சிக்கன் சங்கிலியை வாங்கியது. இரண்டிலும் சிக்கன் சாண்ட்விச் உண்டு. எல்லைப் பாதுகாப்பு "இதே பெயரில் நடக்கும் கடைக்கு" மட்டும் என்று எழுதியிருந்தால், வேறு பெயர் எவ்வளவு அருகில் வந்தாலும் உங்கள் எல்லை தொடப்படவில்லை.

வெளிப் போட்டியாளரிடம் தோற்றுப் போனால் கம்பெனியைக் கேட்க முடியுமா?

பொதுவாக முடியாது. ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு வழக்கு இந்த எண்ணத்தை மாற்றியது. அங்கே டங்கின் டோனட்ஸ் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 1990-களின் நடுவில் டிம் ஹார்ட்டன்ஸ் உள்ளே வந்தது, பத்து வருடத்தில் டங்கினின் சந்தை சரிந்து விழுந்தது. ஆபத்து வருகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கடைக்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். கம்பெனி போதுமான அளவு செய்யவில்லை. 21 கடைக்காரர் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2012-ல் கியூபெக் உயர் நீதிமன்றம் 1.6 கோடி கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2015-ல் மேல்முறையீட்டில் தொகை சுமார் 1.09 கோடியாகக் குறைந்தது, ஆனால் கம்பெனி பொறுப்பு என்பது நிலைத்தது. பிராண்டைக் காப்பாற்றுவதாகக் கம்பெனி ஏற்றுக்கொண்ட கடமை வெறும் பேச்சல்ல என்றது நீதிமன்றம்.

அதே கியூபெக்கில் 1997-ல் வந்த ப்ரோவிகோ வழக்கு மளிகைக் கடைகளைப் பற்றியது என்றாலும் நம் விஷயத்துக்கு நெருங்கியது. கம்பெனி தன் சொந்த மலிவு விலைக் கடைகளைத் திறந்து தன் கடைக்காரர்களோடு போட்டியிட்டது. போட்டியிடும் உரிமை இருந்தாலும், அந்தப் போட்டியைச் சமாளிக்கக் கடைக்காரர்களுக்கு உதவாமல் விட்டது தவறு என்று தீர்ப்பானது. இந்த யோசனை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. பக்கத்தில் திற, ஆனால் உன்னை நம்பிப் பணம் போட்டவனை நட்டாற்றில் விடாதே.

கோபத்தில் ராயல்டியை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். வீவர் வழக்கில் நடந்ததைப் பாருங்கள். கட்டாமல் விட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். கம்பெனிக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யக் காரணம் கிடைக்கும், நியாயம் பேசும் இடத்திலிருந்து பாக்கிக்காரர் இடத்துக்கு நீங்கள் போய்விடுவீர்கள். கட்டுங்கள். "உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டுங்கள்.

இதைத் தடுக்கத் தனிச் சட்டம் எங்காவது இருக்கிறதா?

அமெரிக்காவில் அயோவா மாநிலம் 1992-ல் ஒரு பிரான்சைஸ் சட்டம் கொண்டு வந்தது. புதுக் கடையால் பழைய கடையின் விற்பனை குறிப்பிட்ட அளவுக்கு மேல் அடிபட்டால் இழப்பீடு கேட்கலாம் என்ற வழி அதில் வந்தது. புதுக் கடையை முதலில் பழைய கடைக்காரருக்கே கொடுக்க முன்வந்திருந்தால் கம்பெனி தப்பலாம். அருமையான யோசனை. பெரிய சங்கிலிகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. பெரும்பாலான மாநிலங்கள் அந்த வழியில் போகவில்லை.

முன்பு சொன்ன அமெரிக்க மத்திய பிரான்சைஸ் விதி வெளிப்படுத்தலோடு நிற்கிறது. ஆவணத்தை, கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பு தர வேண்டும். அதன் 20-ஆவது பிரிவில் கடைகளின் எண்ணிக்கை, மூடியவை, கைமாறியவை எல்லாம் இருக்கும், விலகிப் போன கடைக்காரர்களின் தொடர்பு விவரமும் இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பிரான்சைஸ் எடுக்கும்போது அந்தப் பட்டியலில் பத்துப் பேருக்காவது போன் செய்ய வேண்டும். விலகியவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம் இருக்கிறது. பதிவு கட்டாயம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் கடைக்காரரின் எல்லை உரிமையைக் குறிப்பிட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு மனம் மாறினால் விலக குறைந்தது ஏழு வேலை நாள் அவகாசமும் உண்டு.

இந்தியாவில்?

பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. விற்பனைக்கு முன் ஆவணம் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், வர்த்தக முத்திரைச் சட்டம், 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இதைக் காட்டி "போட்டித் தடை எதுவும் செல்லாது" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது பாதி உண்மை. குஜராத் பாட்லிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு மட்டும் போடும் இப்படிப்பட்ட தடை 27-ஆவது பிரிவில் சிக்காது என்றது. அதாவது கடை நடத்தும் வரை வேறு பிராண்டு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தும். ஒப்பந்தம் முடிந்த பிறகு வரும் தடைதான் பலவீனமானது. கம்பெனி உங்களோடு போட்டியிடலாம், நீங்கள் கம்பெனியோடு போட்டியிடக் கூடாது என்பதுதான் பல ஒப்பந்தங்களின் நிலை. படிக்கும்போதே மனம் உறுத்துகிறது, ஆனாலும் கையெழுத்தாகிக்கொண்டுதான் இருக்கிறது. தனி எல்லை கொடுப்பதைப் பொறுத்தவரை, சந்தைப் போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுத்தால் மட்டுமே போட்டிச் சட்டம் குறுக்கே வரும். ஒற்றைக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் கொடுப்பதால் அந்தப் பிரச்சினை வராது. "சட்டம் அனுமதிக்காது" என்று கம்பெனி சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரிய வெளிநாட்டு பிராண்டுகள் இங்கே எல்லையை வேறு மாதிரி தீர்த்துக்கொண்டன. டோமினோஸ் நாடு முழுக்க ஒரே நிறுவனத்திடம். அது தன் கடையைப் பிரித்து இன்னொன்று திறந்தால் வலதுபை பணம் இடதுபைக்குப் போகிறது, சண்டை இல்லை. மெக்டொனால்ட்ஸ் தொடக்கத்திலேயே வடக்கு, கிழக்கு ஒரு நிறுவனத்துக்கும் மேற்கு, தெற்கு இன்னொன்றுக்கும் எனப் பிரிந்தது. இந்தப் பெயர்களில் "ஒற்றைக் கடை பிரான்சைஸ் தருகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று இணையத்தில் யாராவது கேட்டால் அது பெரும்பாலும் மோசடி. எல்லைச் சண்டையில் உண்மையாக மாட்டுவது உள்நாட்டு டீ, பிரியாணி, ஷவர்மா, ஜூஸ் பிராண்டுகளை எடுக்கும் சின்ன முதலீட்டாளர்கள்தான்.

பேரம் பேச இடம் இருக்கிறதா? எப்படி எழுத வைப்பது?

பெரிய பிராண்டு வரி மாற்ற மாட்டேன் என்று சொல்லும். வளர்ந்து வரும் பிராண்டு மாற்றும், ஏனென்றால் அவர்களுக்கு உங்கள் பணம் வேண்டும். கேட்காமல் விடாதீர்கள்.

எல்லையை "அண்ணா நகர் ஏரியா" என்று எழுத விடாதீர்கள். வரைபடத்தில் தெருப் பெயரோடு கோடு போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு இணைப்பாகச் சேருங்கள். கிலோமீட்டர் என்றால் காக்கை பறக்கும் தூரமா, சாலைத் தூரமா என்று எழுதுங்கள். ஆற்றுக்கோ ரயில் பாதைக்கோ பக்கத்தில் கடை இருந்தால் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

முழு எல்லை கிடைக்காவிட்டால் முதல் வாய்ப்பு உரிமை கேளுங்கள்: இத்தனை தூரத்துக்குள் புதுக் கடை வந்தால் அதை முதலில் எனக்கே கொடுக்க வேண்டும், பதில் சொல்ல 30 நாள் வேண்டும். என் அனுபவத்தில் கம்பெனிகள் மறுக்காமல் ஒத்துக்கொள்ளும் ஷரத்து இதுதான். அதோடு, புதுக் கடை திறந்த முதல் பன்னிரண்டு மாதத்தில் உங்கள் விற்பனை பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் ராயல்டி குறைப்பு என்று ஒரு வரி சேர்க்கப் பாருங்கள்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, குறைந்தபட்ச விற்பனை இலக்கை எட்டாவிட்டால் எல்லை பறிபோகும் என்ற நிபந்தனை. இன்னொன்று, புதுப்பிக்கும்போது "அப்போது நடைமுறையில் உள்ள ஒப்பந்த வடிவத்தில்" கையெழுத்திட வேண்டும் என்ற வரி. ஐந்து வருடம் கழித்து அந்தப் புது வடிவத்தில் உங்கள் எல்லை இருக்காது. "எல்லைப் பகுதி மாறாமல்" என்ற சொற்களை அங்கே சேர்க்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டாயிற்று. பக்கத்தில் கடை வரப்போவதாகத் தெரிகிறது. இப்போது என்ன செய்வது?

பலகை ஏறும் முன் செயல்பட வேண்டும். புதுக் கடைக்காரர் பணத்தைக் கொட்டிய பிறகு கம்பெனி பின்வாங்காது.

ஒப்பந்தத்தை எடுத்து எல்லை, ஒதுக்கப்பட்ட உரிமைகள், தகராறுத் தீர்வு மூன்றையும் படியுங்கள். கடந்த இரண்டு வருட விற்பனையை நாள்வாரியாக எடுத்து வையுங்கள். டெலிவரி ஆர்டர்களைப் பின்கோடுவாரியாகப் பிரியுங்கள். கடைக்கு வருபவர்களிடம் இரண்டு வாரம் "எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள்" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விற்பனையில் எத்தனை பங்கு புதுக் கடை வரும் திசையிலிருந்து வருகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணோடு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். கடையைத் தள்ளிப் போட, அல்லது உங்களுக்கே கொடுக்க, அல்லது ராயல்டியைக் குறைக்கக் கம்பெனிக்கு ஒரு காரணம் கொடுக்கிறீர்கள்.

அதே பிராண்டின் மற்ற கடைக்காரர்களிடம் பேசுங்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதும் கடிதத்துக்கு வரும் பதில் ஒருவருக்கு வராது. பிறகு வணிக ஒப்பந்தம் தெரிந்த ஒரு வக்கீலைப் பாருங்கள்.

என் சித்தப்பா மகன் எல்லா ஆட்சேபத்தையும் ஏரியா மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தான், நீல டிக்கும் விழுந்தது. அவனுடைய ஒப்பந்தத்தில், எந்த அறிவிப்பும் பதிவுத் தபாலில் தலைமை அலுவலக முகவரிக்கு வந்தால்தான் செல்லும் என்று இருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, முதல் கடிதத்தை அங்கே அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.